ரேஸை விட்டு வந்த குதிரைக்கு முன்னங்கால் குளம்பு நோகிறது: லாடத்தைக் கழற்றலாமா, மாற்றலாமா?

உடுமலை தென்னந்தோப்பு:

வணக்கம். குதிரை வைத்திருப்பவர்களும் லாடம் அடிப்பவர்களும் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

எங்களிடம் எட்டு வயது தரோபிரெட் (ரேஸ் குதிரை இனம்) ஆண் குதிரை இருக்கிறது. காயடித்தது. பெயர் ராஜாளி. பெங்களூரில் ஆறு வயது வரை ரேஸ் ஓடினான். பிறகு ஒரு குதிரையேற்றப் பள்ளியில் பிள்ளைகளைச் சுமந்தான். அங்கே குதிரைகளைக் குறைத்தபோது நாங்கள் அழைத்து வந்துவிட்டோம். குணத்தில் தங்கம். என் மாமனார் தோப்பில் நடந்தால் கயிறு இல்லாமலே பின்னால் போவான்.

குளம்புதான் கவலை. புல்லில் விட்டால் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கொட்டகையில் இருந்து கிணற்றடி வரை சரளைப் பாதை. அதில் கால் வைத்ததும் நடையே மாறிவிடுகிறது. அடி குறுகுகிறது, தலை மேலே போகிறது, பாதை ஓரத்துப் புல்லைத் தேடித் தேடி மிதிக்கிறான். வலது பக்கம் வளைந்து திரும்பும்போது கஷ்டம் இன்னும் கூடுகிறது. நொண்டுகிறான் என்று சொல்லவும் முடியவில்லை, நன்றாக நடக்கிறான் என்றும் சொல்ல முடியவில்லை.

முன்னங்கால் இரண்டிலும் லாடம் இருக்கிறது, பின்னங்கால் இரண்டும் வெறுங்கால். குளம்பின் அடி தட்டையாக இருக்கிறது, உள்ளே குழிவே இல்லை. ஆணி அடித்த இடங்களில் சுவர் சில்லு சில்லாகப் பெயர்ந்திருக்கிறது. முன்பக்கம் நீண்டும் குதிப்பக்கம் சரிந்தும் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு லாடம் கட்டும் பெரியவர் ஒருவர்தான் வந்து அடித்துக் கொடுத்தார். கையில் நல்ல வேலை உள்ளவர். ஆனால் அடியை மழமழவென்று சீவிவிட்டு லாடம் வைத்தார். அதற்குப் பிறகு சில நாள் நிற்கவே சிரமப்பட்டான். வந்து பார்த்த மருத்துவர் சூடு இல்லை, வீக்கம் இல்லை என்று வலிக்கு ஊசி போட்டுவிட்டுப் போனார். ஊசி வேலை செய்த வரைக்கும் நன்றாக இருந்தான், அப்புறம் பழையபடிதான்.

தீவனம்: காலையும் மாலையும் ஊறவைத்த கொள்ளு, கோதுமைத் தவிடு, கொஞ்சம் ஓட்ஸ். பசுந்தீவனம் எங்கள் கோ-4 நேப்பியர் புல்தான், கிடைத்தால் அருகம்புல். படுக்கைக்குத் தென்னைநார்க் கழிவு.

ஒருவர் லாடத்தையே கழற்றிவிடுங்கள், தானாகக் கெட்டிப்படும் என்கிறார். இன்னொருவர் அலுமினிய லாடம் வாங்கிப் போடச் சொல்கிறார். குதிரைக்கு மாட்டும் ஷூ இருக்கிறது என்று என் மகன் காட்டினான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பழைய இன்ஜின் ஆயில் தடவச் சொன்னார், அதை மட்டும் நான் செய்யவில்லை. இவன் இனி யாருக்காகவும் ஓட வேண்டாம். வலி இல்லாமல் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் போதும். எதில் தொடங்குவது?

பழைய கிண்டி லாயம்:

அம்மா, முதலில் உங்கள் கண்ணுக்கு ஒரு நன்றி. ஓரத்துப் புல்லைத் தேடி மிதிக்கிறான் என்று எழுதினீர்களே, பாதி நோய் அதிலேயே தெரிந்துவிட்டது. கால் வலி உள்ள குதிரை தரையைப் பொறுக்கித்தான் நடக்கும். புல்லில் ஓடி, சரளையில் தயங்கி, வளைவில் கஷ்டப்பட்டால், மூட்டை விடக் குளம்பின் அடியைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

எங்கள் அப்பா காலத்தில் இருந்து கிண்டியில் ரேஸ் குதிரைகளுக்கு லாடம் அடித்த குடும்பம் எங்களுடையது. நீங்கள் எழுதியிருக்கும் குளம்பை நான் பார்த்ததில்லை, ஆனால் அதே மாதிரிக் குளம்புகளைக் கையில் பிடித்துத்தான் வளர்ந்தேன். தரோபிரெட்டுக்குச் சுவரும் மெலிசு, அடியில் இருக்கும் சோலும் மெலிசு. இரண்டு வயதிலேயே ரேஸுக்குத் தயாராக வேண்டும் என்பதால், குளம்பு முழுசாக உருவாவதற்கு முன்னாலேயே லாடம் ஏறிவிடுகிறது. அப்புறம் ஓடுகிற காலமெல்லாம் அடிக்கடி கழற்றி அடிப்பார்கள், ஆணித் துளை மேல் ஆணித் துளை விழும். முன்பக்கம் கொஞ்சம் நீளமாக விட்டால் அடி நீளும் என்று ஒரு நம்பிக்கை லாயங்களில் பல காலமாக உண்டு. அதனால் முன்பக்கம் நீண்டு, குதி நசுங்கி, முன்னோக்கிச் சரிந்துவிடும். ராஜாளிக்கு நடந்தது இதுதான். அவனிடம் பிறவிக் கோளாறு என்று எதுவும் இருக்க வேண்டியதில்லை.

இப்போது நீங்களே பார்க்கக்கூடிய சில விஷயங்கள். அவனைச் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். கணுக்காலுக்குக் கீழே இறங்கும் எலும்பின் சாய்வும் குளம்பின் முன்சுவரின் சாய்வும் ஒரே கோட்டில் போக வேண்டும். குளம்புக்கு வந்ததும் அந்தக் கோடு உடைந்து முன்னால் படுத்துவிட்டால், முன்பக்கம் நீளம், குதி தாழ்வு என்று அர்த்தம்.

அடுத்து, காலைத் தூக்கி, முக்கோணமாக மெத்தென்று இருக்குமே, ஃப்ராக், அதன் முனைக்கு முன்னால் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். நல்ல சோல் கல் மாதிரி நிற்கும். உங்கள் விரலுக்கே அது அமுங்கினால் சோல் ரொம்ப மெலிசு. தேய்ந்த ஹவாய் செருப்போடு ஜல்லியில் நடப்பது எப்படி இருக்குமோ அதுதான் அவனுக்கு.

இன்னொன்று. அடுத்த முறை லாடம் கழற்றும்போது அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குளம்போடு ஒட்டியிருந்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்முனை இரண்டிலும் பளபளவென்று தேய்ந்திருந்தால் நல்லது. ஒவ்வோர் அடியிலும் குதி விரிந்து சுருங்கிய அடையாளம் அது. முன்பக்கத்தின் உள்விளிம்பில் பளபளப்பு இருந்தால், இரும்பு சோலின் மேல் உட்கார்ந்து அழுத்தியிருக்கிறது. தட்டையான குளம்புக்குத் தட்டையான லாடத்தை அடித்தால் அப்படித்தான் ஆகும். எடை சுவரில் நிற்க வேண்டும், சோலில் நிற்கக் கூடாது.

மாட்டு லாடம் கட்டும் பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன். மாட்டுக்குக் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும், ஒவ்வொரு பாதிக்கும் ஒரு தகடு, தகடு சமமாக உட்கார அடியைச் சீவித்தான் ஆக வேண்டும். அந்தக் கை குதிரைக்கு வந்தால், இருக்கிற கொஞ்ச சோலும் கத்தியோடு போய்விடும். அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: "ஐயா, அடியில் கத்தியே வைக்க வேண்டாம். உரிந்து தொங்குவதை மட்டும் எடுங்கள். நீளத்தை முன்பக்கத்தில் அரம் போட்டுக் குறையுங்கள், குதியைத் தொடாதீர்கள்." இதை மட்டும் அவர் செய்தாலே பாதி வேலை முடிந்தது. நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் இருக்கிறது. லாடம் இரும்பா அலுமினியமா என்று எல்லோரும் சண்டை போடுவார்கள், அடியில் குளம்பை எப்படிச் செதுக்கினார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். செதுக்கல் தப்பினால் எந்த லாடமும் காப்பாற்றாது.

லாடத்துக்கு வருவோம். ரேஸில் போடும் அலுமினியத் தகடு மெலிசு, குறுகல், எடையைக் குறைப்பதற்காகச் செய்தது. அது இவனுக்கு ஒரு பாதுகாப்பும் தராது, சரளையில் சீக்கிரம் தேய்ந்தும் போகும். அகலமான, தடித்த அலுமினிய லாடம் என்று வேறு ஒன்று உண்டு. அது நல்ல பொருள்தான், ஆனால் விலை கூடுதல், தேய்மானமும் கூடுதல். தோப்பில் நடக்கிற குதிரைக்கு இரும்பின் எடை ஒரு பொருட்டே இல்லை.

என்னைக் கேட்டால் முன்னங்கால்களுக்கு அகலப் பட்டை இரும்பு லாடம். உள்விளிம்பை சோல் பக்கம் சரிவாகத் தட்டி இறக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் சோலை அழுத்தாது. முன்முனையை உருட்டி, லாடத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும், கால் சுலபமாக மடங்கி எழும். பின்முனை குதியைத் தாங்கும் அளவு பின்னால் வரட்டும். ரேஸில் பின்கால் மிதித்துப் பிடுங்கிவிடும் என்று குட்டையாக வைப்பார்கள், இங்கே அந்தப் பயம் குறைவு. ஆணிகள் மெலிசாக, குளம்பின் அகலமான இடத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். பின்பாதியில் ஆணி இறங்கினால் குதி விரியாது.

லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில் தோல் பேடு ஒன்று, அதன் உள்ளே மிருதுவான சிலிகான் அடைப்பு. இதை ஒன்றிரண்டு சுற்று வைத்துப் பாருங்கள். ஒரு சுற்று என்பது ஐந்து வாரம். லாடம் தேயவில்லையே என்று எட்டு வாரம் விடாதீர்கள். லாடம் தேயாது, ஆனால் குளம்பு வளர்ந்து முன்பக்கம் மறுபடி நீண்டுவிடும்.

பின்னங்கால் வெறுங்காலாக நன்றாக இருந்தால் அப்படியே விடுங்கள். எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்தான் தாங்குகிறது.

இன்ஜின் ஆயிலை ஒதுக்கியது ரொம்பச் சரி.

ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர்:

மேலே எழுதியவர் அனுபவத்தில் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் லாடம் அடிப்பதற்கு முன்னால் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். முன்னங்கால் இரண்டுக்கும், பக்கவாட்டில், குதிரை சமமான கட்டை மேல் நேராக நிற்கும்போது எடுக்க வேண்டும். அதில் மூன்று விஷயம் தெரியும். குளம்புக்குள் இருக்கும் எலும்பின் அடியில் எவ்வளவு சோல் மிச்சம் இருக்கிறது. எலும்பின் முன்பக்கமும் குளம்புச் சுவரும் இணையாகப் போகின்றனவா. எலும்பின் குதிப்பக்கம் சற்று உயர்ந்திருக்கிறதா, இல்லை தரையோடு படுத்துவிட்டதா. சோல் 15 மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி. 10-க்குக் கீழே போய்விட்டால் சரளையில் நோகாமல் இருக்காது. உங்கள் உடுமலையிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, நாமக்கல்லிலும் இருக்கிறது. முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

வலி ஊசி போட்டதும் சரியாகி, விட்டதும் திரும்புகிறது என்றால் காரணம் அங்கேயேதான் இருக்கிறது. ஊசி கூடாது என்று நான் சொல்லவில்லை, வலியில் விடுவதும் பாவம். ஆனால் பரிசோதனை அன்று ஊசியின் வேலை முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹூஃப் டெஸ்டர் என்ற இடுக்கியால் அழுத்தும்போது எந்த இடம் நோகிறது என்று தெரியாது. யாராவது டைக்ளோஃபெனாக் போடலாம் என்றால் மறுத்துவிடுங்கள். அது 2006-லேயே கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து. அந்த மருந்து ஏறிய மாட்டின் உடலைத் தின்றுதான் நம் நாட்டில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. மிச்சம் இருப்பவற்றில் ஒரு பங்கு முதுமலை, மாயாறு பக்கம்தான் இருக்கிறது, உங்களுக்குத் தொலைவில்லை. பதிலுக்கு மெலாக்ஸிகாம் போன்றவை இருக்கின்றன. அளவை மருத்துவர் சொல்லட்டும்.

தினமும் நீங்கள் செய்ய வேண்டியது நாடி பார்ப்பது. கணுக்காலின் பின்பக்கம் இருபுறமும் விரலை மெல்ல வைத்தால் சன்னமாக ஒரு துடிப்பு தெரியும், சில நாள் தேடித்தான் கிடைக்கும். நன்றாக இருக்கும் நாளில் அது எப்படி இருக்கிறது என்று பழகிக்கொள்ளுங்கள். ஒரே காலில் திடீரென்று துடிப்பு பலமாகி, அந்தக் காலை ஊன்றவே மறுத்தால் பெரும்பாலும் உள்ளே சீழ் கட்டியிருக்கும். முன்னங்கால் இரண்டிலும் துடிப்பு பலமாகி, எடையைப் பின்னங்காலுக்குத் தள்ளிச் சாய்ந்து நின்றால் அது லாமினைட்டிஸ், அதாவது குளம்புக்குள் எலும்பைச் சுவரோடு பிடித்திருக்கும் சதை அழற்சி. அன்று இரவானாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவனை நடத்தாதீர்கள். நீங்கள் எழுதியதில் இந்த இரண்டும் இருப்பதாகத் தெரியவில்லை. டெட்டனஸ் தடுப்பூசி போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட்டுவிடுங்கள். ஆணி இறங்கும் காலுக்கு அது இல்லாமல் இருக்கக் கூடாது, குதிரைக்கு டெட்டனஸ் மிகச் சுலபமாகப் பிடிக்கும்.

தீவனத்தைப் பார்த்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போலப் பத்து மடங்கு வரை இருக்கும். கோ-4 போன்ற நேப்பியர் புல்லில் ஆக்ஸலேட் உண்டு, அது இருக்கிற கால்சியத்தையும் குடலிலேயே கட்டிப் போட்டுவிடும். மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்ஸலேட்டை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. இரண்டும் சேர்ந்து நாள்பட ஓடினால் உடம்பு எலும்பில் இருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கும், இடம் மாறி மாறி நொண்டுவது அதன் ஒரு அடையாளம். தவிட்டைக் கைப்பிடியாகக் குறையுங்கள். அருகம்புல்லும் காய்ந்த புல்லும் கூடட்டும், கோ-4 குறையட்டும். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் பத்துப் பதினைந்து நாளில் மெதுவாகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் வயிற்று வலி வரும். சுண்ணாம்புக்கல் தூள், அதாவது கால்சியம் கார்பனேட், எவ்வளவு சேர்ப்பது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். துத்தநாகமும் தாமிரமும் உள்ள தாது உப்பு வேண்டும். பயோட்டின் தினம் 20 மில்லிகிராம் கொடுக்கலாம். ஆனால் புதிதாக மேலிருந்து வளரும் குளம்புக்குத்தான் அது உதவும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது, முன்பக்கம் முழுசாக மாற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். மூன்று மாதத்தில் பலன் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

கொடைக்கானல் மட்டக்குதிரை:

அக்கா, நான் வேறு பக்கம் நின்று சொல்கிறேன். என்னிடமும் ரேஸில் இருந்து வந்த பெண் குதிரை ஒன்று இருக்கிறது, இப்போது நான்கு காலும் வெறுங்கால். ஏரியைச் சுற்றித் தார் ரோட்டில் நடப்பாள், காட்டுப் பாதையிலும் நடப்பாள். அதனால் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் "கழற்றிவிட்டால் தானாகக் கெட்டிப்படும்" என்பதையும் நம்பாதீர்கள். மெலிந்த சோலோடு சரளையில் இறக்கிவிட்டால் கெட்டிப்படுவதற்கு முன்னால் கன்றிப்போகும். வலிக்குப் பயந்து முன்முனையை முதலில் ஊன்றி நடப்பான், குதி வேலை செய்யாது, வேலை செய்யாத குதி வளராது. குதி முதலில் தரையைத் தொடும் நடைதான் குளம்பைக் கட்டி எழுப்பும். வலி இருந்தால் அந்த நடை வராது. லாடம் இருக்கிறதா இல்லையா என்பதை விட இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

என் குதிரைக்கு மாட்டும் ஷூதான் கை கொடுத்தது. வெளியே போகும்போது முன்னங்காலுக்கு ஷூ, உள்ளே மெத்தென்ற அட்டை. கொட்டகைக்கு வந்ததும் கழற்றிவிடுவேன். குளம்பைச் செதுக்கிய அன்றே அகலமும் நீளமும் அளந்து வாங்க வேண்டும், நீண்டு கிடக்கும் குளம்பை அளந்தால் லொடலொடவென்று சுற்றும். குதிக்கு மேலே தோல் உரசுகிறதா என்று தினம் விரல் விட்டுப் பாருங்கள். மணல் உள்ளே போனால் அன்றைக்கே புண். விலை கையைக் கடிக்கும், வெளிநாட்டில் இருந்துதான் வரவழைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் வருடக்கணக்கில் உழைக்கிறது.

தரையை மறக்காதீர்கள். கிணற்றடிப் பாதையில் கூரான சரளையை அள்ளிவிட்டு மண் போடுங்கள், அதற்கு ஒரு நாள் கூலிதான் ஆகும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் சின்ன உருண்டைக் கூழாங்கல் கொஞ்சம் கொட்டி வைத்தால், அதில் நின்று நின்று குளம்புக்குப் பழக்கம் வரும். அது கால் சரியான பிறகு. எம்-சாண்ட் வேண்டாம், அது கூர்.

தென்னைநார்க் கழிவு நல்ல படுக்கைதான், காய்ந்திருக்கும் வரைக்கும். மூத்திரம் ஊறினால் பஞ்சாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், குளம்பு ராத்திரி முழுக்க அந்த ஈரத்தில் நிற்கும். ஈரமானதைத் தினம் அள்ளிவிடுங்கள். ஃப்ராக்கின் நடுப்பிளவில் கறுப்பாகக் கசிந்து நாற்றம் அடித்தால் அது த்ரஷ். தேய்த்துக் கழுவிக் காயவைத்து மருந்து போடுங்கள். மயில்துத்தத்தை அப்படியே அள்ளி வைக்கிறார்கள், அது உயிருள்ள சதையையும் சேர்த்துப் பொசுக்கும்.

கிண்டி அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம். பேடு வைத்து மூடிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஐந்து வாரத்துக்குப் பார்க்க முடியாது. மழை நேரத்தில் எனக்கு அது பயம்.

பழைய கிண்டி லாயம்:

இதில் கோபம் எதற்கு தம்பி. பேடுக்குள் ஈரம் நிற்கும் என்பது உண்மைதான், அதற்காகத்தான் சிலிகான் அடைப்பு. இடைவெளி இல்லாமல் நிரப்பினால் சேறு உள்ளே போக வழி இல்லை. அடைப்பதற்கு முன்னால் ஃப்ராக்கைச் சுத்தம் செய்து நன்றாகக் காயவிட வேண்டும், த்ரஷ் இருக்கும் காலை மூடவே கூடாது. ஷூ நல்ல வழிதான். ஆனால் அது தினமும் மாட்டிக் கழற்ற ஆள் இருக்கிற வீட்டுக்கு. டாக்டர் சொன்ன எக்ஸ்ரே வரட்டும், அந்த அளவைப் பார்த்து முடிவு செய்யலாம்.

உடுமலை தென்னந்தோப்பு:

எல்லோருக்கும் நன்றி. எக்ஸ்ரே எடுத்துவிட்டோம். வலது முன்னங்காலில் சோல் 8 மில்லிமீட்டர், இடதில் 10. எலும்பு சுழலவில்லை, சுவருக்கு இணையாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஆனால் இரண்டு காலிலும் எலும்பின் குதிப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டிய அளவு உயரவில்லை, ஏறக்குறையப் படுத்தே இருக்கிறதாம். வலது சோலில் முன்முனைக்குப் பக்கத்தில் செம்மையாக ஒரு கறை, பழைய கன்றல் என்றார் டாக்டர். ஹூஃப் டெஸ்டரால் அந்த இடத்தை அழுத்தியதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாள் இதோடுதான் நின்றிருக்கிறான்.

கழற்றிய லாடத்தையும் பார்த்தேன் ஐயா. நீங்கள் சொன்ன மாதிரியே முன்பக்க உள்விளிம்பு கண்ணாடியாக மின்னுகிறது.

மாட்டு லாடம் கட்டும் பெரியவரிடம் எக்ஸ்ரே படத்தைக் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். "இத்தனைதானா இருக்குது" என்றார். கத்தியே வைக்காமல் செய்து தருகிறேன், ஆனால் பேடு வைத்து எனக்குப் பழக்கம் இல்லை என்றார். கோயமுத்தூரில் குதிரையேற்றப் பள்ளிக்கு வந்து போகும் லாடக்காரர் ஒருவரைப் பிடித்திருக்கிறோம். அவர் செய்யும்போது பெரியவரும் பக்கத்தில் இருந்து பார்ப்பார்.

சரளையை அள்ளிவிட்டோம், தவிட்டைக் குறைத்துக்கொண்டு வருகிறோம். இன்னும் சில சந்தேகங்கள். குதி தாழ்வாக இருக்கிறதே, லாடத்தின் பின்பக்கம் ஆப்பு மாதிரி ஏதாவது வைத்து உயர்த்தலாமா? லாடம் அடித்த பிறகு நடத்தலாமா, நிறுத்தி வைப்பதா? ஐப்பசி மழைக்கு என்ன செய்வது?

ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர்:

8 மில்லிமீட்டரில் வெறுங்கால் சோதனை வேண்டாம். இப்போதைக்குப் பாதுகாப்புதான் முக்கியம். கொடைக்கானல் நண்பரின் வழியை இந்த அளவு கூடிய பிறகு யோசிக்கலாம். நாலைந்து மாதம் கழித்து அதே கோணத்தில் மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுங்கள். கண்ணால் பார்த்து சோல் கூடிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.

பழைய கிண்டி லாயம்:

ஆப்பு வைத்தால் படத்தில் கோணம் உடனே அழகாகத் தெரியும் அம்மா. ஆனால் எடை முழுக்க அந்த நசுங்கிய குதி மேலேயே ஏறும், அது இன்னும் நசுங்கும். அதனால் முதலில் முன்பக்கத்தைப் பின்னுக்குக் கொண்டு வருவோம். லாடத்தின் முன்முனையை நன்றாக உருட்டி, உட்காரும் இடத்தைப் பின்னால் தள்ளினாலே இழுவை குறையும். இரண்டு சுற்றுக்குப் பிறகும் குதி எழும்பவில்லை என்றால், பின்முனை இரண்டையும் இணைத்த மூடு லாடம் ஒன்று போட்டு, எடையை ஃப்ராக் பக்கமும் கொஞ்சம் பகிர்ந்து கொடுக்கலாம். ஆப்பு அதற்கும் அப்புறம், அதுவும் சின்னதாக, டாக்டரும் லாடக்காரரும் சேர்ந்து படத்தைப் பார்த்துவிட்டு.

நிறுத்தி வைக்காதீர்கள். கட்டிப்போட்டால் குளம்புக்கு ரத்த ஓட்டம் குறையும். தோப்பு மண்ணில் கையில் பிடித்து நேர்கோட்டில் நடத்துங்கள், சின்ன வட்டம் சுற்ற விடாதீர்கள், மேலே யாரும் ஏற வேண்டாம். அடித்த அன்றோ மறுநாளோ ஒரு காலை மட்டும் ஊன்றத் தயங்கினால் ஆணி ஏதோ உள்ளே நெருக்குகிறது என்று அர்த்தம். உடனே லாடக்காரரைக் கூப்பிடுங்கள். எந்த ஆணி என்று சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டினால் அவனே காட்டிக்கொடுப்பான். அந்த ஒன்றை மட்டும் உருவினால் போதும். பழகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

மழைக்குக் கொட்டகைத் தரையை ஒரு சாண் உயர்த்துங்கள், வாசலில் சேறு மிதிபடாமல் மண்ணைக் கெட்டிப்படுத்துங்கள். மழை நாளில் பகலெல்லாம் ஊறி, ராத்திரி எல்லாம் காய்ந்து, மறுபடி ஊறுவதுதான் சுவரைச் சில்லாகப் பெயர்க்கும், ஆணியும் அதில்தான் தளரும். எண்ணெய் தடவி இதைத் தடுக்க முடியாது, காய்ந்த இடம் ஒன்று அவனுக்கு எப்போதும் இருக்க வேண்டும். தினம் காலையில் குளம்பைத் தூக்கி லாடம் நகர்ந்திருக்கிறதா, ஆணி மடிப்பு, அதாவது சுவருக்கு வெளியே மடக்கிய ஆணி முனை, எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மடிப்பு எழும்பினால் ஐந்து வாரம் என்ற கணக்கை விட்டுவிட்டு அப்போதே கழற்றி அடியுங்கள்.

கோயமுத்தூர்க்காரர் வரும் அன்று எக்ஸ்ரேயை அவர் கையில் கொடுத்துவிட்டு, செதுக்கும் முன்னும் பின்னும் தரை மட்டத்தில் இருந்து பக்கவாட்டுப் படம் ஒன்று எடுத்து இங்கே போடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த சுற்றுக்கு முன்பக்கத்தில் இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்கிறேன்.